ஓர் உறுதிக்குள் எத்தனை சட்டங்கள்

சட்டத்தின் மூலங்கள் எவை என்று கேட்டால் அரசியலமைப்பு, சட்டவாக்கம், முன்தீர்ப்பு, வழக்காறு என்று உயர்தர வகுப்பு மாணவரும் வரிசையாகச் சொல்லிவிடுவார். பாடப்புத்தகத்தில் அவை தனித்தனி அத்தியாயங்களாக இருப்பதால் வாழ்க்கையிலும் அவை தனித்தனியாகவே வரும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. நொத்தாரிசு ஒருவரிடம் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்த எனக்கு, யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை விரித்து வாசிப்பதைவிட இந்த விடயத்தை விளங்கிக்கொள்ள நல்ல வழி இருப்பதாகத் தோன்றவில்லை. இரண்டு மூன்று தாள்கள்தான். ஆனால் அவற்றில் நான்கு ஆட்சிகளின் சட்டம் இருக்கிறது.

உறுதியின் தலைப்பில் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருக்கும். காணி இருக்கும் இடம் மாவட்டம், பிரிவு, கோவிற்பற்று என்று இறங்கி வரும். கோவிற்பற்று என்பது தேவாலயத்துக்கு ஒன்றாகக் கிராமங்களைத் தொகுத்து போர்த்துக்கேயர் வகுத்த பிரிவு. அவர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்த பின்னரும் எங்கள் உறுதிகளை விட்டு அது போகவில்லை. பிறகு காணியின் பெயர், பரப்பும் குழியுமாக அதன் விஸ்தீரணம், கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு என நான்கு எல்லைகளிலும் உள்ள உரித்தாளர்களின் பெயர்கள், கடைசியில் 'இதனுள் அடங்கிய நிலமும் வீடும் பனையும் தென்னையும், பங்குக் கிணற்றில் உள்ள பங்கும், அதற்குச் செல்லும் வழி வாய்க்கால் உரிமையும்' என்று மூச்சு விடாமல் ஓடும் ஒரு வாக்கியம். துலா வைத்து இறைத்த காலம் போய் மின்சார மோட்டர் வந்துவிட்ட கிணறுகளுக்கும் அந்த வாக்கியம் மாறுவதில்லை.

இந்த உறுதி செல்லுபடியாவதற்கு விற்பவரும் வாங்குபவரும் மனம் ஒத்தால் மட்டும் போதாது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் உடனிருக்க, ஒரே வேளையில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். இதைச் சொல்வது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், ஆங்கிலேயர் கொண்டுவந்தது. உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படுவது 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி. விற்ற காணியில் பின்னர் வழக்கு வில்லங்கம் வந்தால் விற்றவரே முன்நின்று தீர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்பு, ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டத்தில் வேர் கொண்டது. விற்பவருக்கு அந்தக் காணி எந்த வகையில் வந்தது, முதுசொமா (பரம்பரையாக வந்ததா), சீதனமா, தேடிய தேட்டமா (திருமண காலத்தில் தேடியதா) என்று உறுதியின் நடுவில் வரும் பந்தி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுச் சட்டமான தேசவழமையின் இடம். திருமணமான பெண் விற்பவராக இருந்தால் அவருடைய பெயருக்குக் கீழே, சம்மதம் தெரிவித்துக் கணவரும் ஒப்பமிட்டிருப்பார். அந்த இரண்டாவது ஒப்பத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் எழுதப் போகிறேன். ஏனென்றால் இலங்கையின் சட்ட மூலங்களும் நீதிமன்ற அடுக்கும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

தேசவழமை எழுத்தில் வந்த கதை பலருக்கும் மேலோட்டமாகத் தெரியும். ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சீமோன்சின் கட்டளையின்படி, யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய திசாவை (மாவட்ட நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒப்படைத்தார். தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது; அவர்கள் வாசித்து, இது எங்கள் வழக்கம்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். ஆங்கிலேயர் வந்த பின், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு முழுச் சட்ட வலு கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தொன்றுதொட்டு மாறாமல் வந்தது வழமை என்று நாங்கள் மேடைகளில் பேசுகிறோம். தொகுத்தவரோ, பழைய காலத்தில் கணவன் வழிச் சொத்து ஆண்பிள்ளைகளுக்கும் மனைவி வழிச் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது என்றும், ஆட்சிகள் மாற மாற, குறிப்பாகப் போர்த்துக்கேயரின் பிலிப் மஸ்கரேனஸ் காலத்தில், அது கலைந்துவிட்டது என்றும் முதற் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதாவது எழுதப்பட்ட அன்றைக்கே அது மாறிக்கொண்டிருந்த ஒன்று. அடுத்தது, உறுதிப்படுத்தியவர்கள் யார் என்பது. முதலியார்கள் காணியும் அதிகாரமும் உள்ள ஆண்கள். அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது; கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயர் சொல்லி, யார் யாருக்கு என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவரிடமும் இது உங்கள் வழக்கமா என்று யாரும் கேட்கவில்லை. 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது அந்தப் பகுதி செத்தது. அதற்காகத் தேசவழமை அழிந்துவிட்டதென்று ஒருவரும் புலம்பவில்லை.

தேசவழமை எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் சட்டமும் அல்ல. அது பேசாத இடத்தில் பேசுவது உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், முன்பிருந்த சட்டங்களே தொடரும் என்று 1799 புரட்டாதி மாதத்தில் பிரகடனம் செய்தார்கள். நெதர்லாந்திலேயே நெப்போலியன் காலத்துச் சட்டக்கோவை வந்து அந்தப் பழைய சட்டத்தை மூடிவிட்டது. இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அது இன்னும் நீதிமன்றங்களில் வாதிடப்படுகிறது. அதன் மேல் ஆங்கிலச் சட்டம் துண்டு துண்டாக வந்து படிந்தது: வணிகம், வங்கி, கப்பற்போக்குவரத்து முதலியவற்றுக்கு 1852 ஆம், 1866 ஆம் ஆண்டுகளின் கட்டளைச்சட்டங்கள் ஆங்கிலச் சட்டத்தையே கொண்டுவந்தன, இந்தியாவின் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது, 1889இல் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும், 1895இல் சான்றுக் கட்டளைச்சட்டமும் வந்தன. கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களின் திருமணத்துக்கும் விவாகரத்துக்கும் 1951 ஆம் ஆண்டின் சட்டமும் காதி நீதிமன்றங்களும் எனத் தனித்தனி ஒழுங்குகள் உள்ளன. ஒரு சிறிய தீவுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

அப்படியானால் தேசவழமை யாருக்கு? எல்லாத் தமிழருக்கும் என்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் பலர் நினைக்கிறார்கள். அது ஓர் இனத்தின் அல்லது சமயத்தின் சட்டமாகாது, ஒரு வட்டாரத்தின் வழக்காறு. அந்த வட்டாரத்தை நிரந்தர வாழிடமாகக் கொண்ட இலங்கைத் தமிழருக்கே பொருந்தும் என்று 1913இல் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மட்டக்களப்பில் முக்குவச் சட்டம் என்று வேறோர் வழக்காறு இருந்தது. 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தோடு அது வழக்கொழிந்து போனது. ஆகவே மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். 1923 ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் ஆதனக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அவர் தன் காணியைக் கணவரின் ஒப்பம் இல்லாமல் விற்கலாம். யாழ்ப்பாணப் பெண் ஒருவர் மட்டக்களப்பு ஆணைத் திருமணம் செய்தால், அந்தத் திருமணம் நீடிக்கும் வரை தேசவழமை அவரை விட்டுவிடுகிறது. மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாண ஆணைக் கட்டினால், அதுவரை இல்லாத கட்டுப்பாடு வந்து சேர்கிறது. இதைச் சொல்வது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு. ஆணின் சட்டம் பெண்ணை இழுத்துக்கொள்கிறது. பெண்ணின் சட்டம் ஆணைத் தொடுவதில்லை.

அந்தக் கட்டளைச்சட்டத்தின் 6 ஆம் பிரிவுதான் கணவரின் ஒப்பத்தைக் கேட்பது. திருமணமான பெண்ணின் தனிச் சொத்து அவருடையதே. கணவரின் கடனுக்கு அது பொறுப்பாகாது. அசையும் சொத்தை அவர் விரும்பியபடி விற்கலாம். எல்லாச் சொத்தையும் மரணசாதனத்தால் யாருக்கும் எழுதி வைக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அசையாச் சொத்தைக் கைமாற்ற மட்டும் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். செத்த பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவு தனக்கு உண்டென்று ஏற்றுக்கொள்ளும் சட்டம், வாழும்போது அந்த அறிவை ஏன் மறுக்கிறது என்று ஒரு பெண் கேட்டால் அதற்கு நேர்மையான பதில் எதையும் நான் கண்டதில்லை.

இதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், இது எங்கள் பாரம்பரியம் என்பது. 1707 ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்துப் பார்த்தால், கணவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட மனைவி அவர் சம்மதமின்றி எதையும் கொடுத்துவிட முடியாது என்ற விதி அங்கே இருப்பது உண்மை. ஆனால் அதற்கு அருகிலேயே இன்னொரு விதியும் இருக்கிறது: கணவன் தன் சொத்திலிருந்து மருமக்களுக்கோ நண்பர்களுக்கோ கொடுக்க விரும்பினால் மனைவி பிள்ளைகளின் சம்மதம் வேண்டும்; அவர்கள் சம்மதிக்காவிட்டால் அவன் கொண்டுவந்த முதுசொத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. பழைய வழமை கணவனையும் கட்டித்தான் வைத்திருந்தது. 1911இல் வந்த சட்டம் தன் 7 ஆம் பிரிவில், கணவன் தன் தனிச் சொத்தைத் திருமணமாகாதவனைப் போலவே முழுச் சுதந்திரத்தோடு கையாளலாம் என்று அவன் கட்டை அவிழ்த்துவிட்டது. மனைவியின் கட்டை 6 ஆம் பிரிவில் எழுதி இறுக்கியது. இன்று நொத்தாரிசின் மேசையில் பாரம்பரியம் என்ற பெயரில் கேட்கப்படுவது, குடியேற்ற ஆட்சியின் சட்டசபை பாதியை எடுத்துப் பாதியை விட்டுச் செய்த ஒன்று. வழக்காறு வேறு, வழக்காற்றின் மேல் எழுதப்பட்ட சட்டம் வேறு என்ற வேறுபாட்டை நாங்கள் பேசும்போது மறந்துவிடுகிறோம்.

என் தாயின் மூத்த சகோதரிக்கு நேர்ந்தது இது. பெரியம்மாவின் கணவர் பல வருடங்களுக்கு முன் வெளிநாடு போனவர். கடிதம் குறைந்து, பிறகு தொலைபேசியும் நின்று, எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் போய்விட்டது. சத்திரசிகிச்சைச் செலவுக்காகத் தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்கப் பெரியம்மா முடிவு செய்தார். உறுதி அவருடைய பெயரில், வரியும் அவரே கட்டியது, வேலியும் அவரே அடைத்தது. "அம்மா, காணி உங்கடைதான், அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அவரின்ரை கையெழுத்து இல்லாமல் நான் உறுதி முடிக்க ஏலாது" என்று நொத்தாரிசு சொன்னார். சொன்னது சரிதான். அதே கட்டளைச்சட்டத்தின் 8 ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: கணவர் கைவிட்டிருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், சித்த சுவாதீனம் இழந்திருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அனுமதி பெறலாம். பெரியம்மா சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு, அறிவித்தல் கொடுத்து, தவணை தவணையாகப் போய் அனுமதி பெற்றார். நீதிபதி மரியாதையாகவே நடந்துகொண்டார். கணவரைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று திறந்த நீதிமன்றத்தில் கேட்டதும் சட்டப்படி கேட்க வேண்டிய கேள்விதான். எழுபது வயதுப் பெண் தன் வீட்டுத் துக்கத்தைச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லித்தான் தன் காணியை விற்க முடிந்தது.

மாவட்ட நீதிமன்றத்துக்கு ஏன் போனார், நீதவான் நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்ற கேள்வியில்தான் நீதிமன்ற ஒழுங்கு தொடங்குகிறது. உரிமை யாருக்கு என்று தீர்ப்பது குடியியல் விடயம். காணி உரிமை, காணிப் பிரிவிடல், விவாகரத்து, மரணசாதனம், சித்த சுவாதீனம் இழந்தோரின் சொத்து எல்லாம் மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. குற்றம் நடந்ததா என்று பார்ப்பது குற்றவியல் விடயம். அது நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, கொலை போன்ற பாரதூரமான குற்றமானால் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரத்தோடு மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது. யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று குடாநாட்டில் இந்த முதல்நிலை நீதிமன்றங்கள் பரவியிருக்கின்றன. அவற்றுக்கும் முன்னால், 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. பண எல்லைக்குட்பட்ட பல பிணக்குகளில், சபை இணக்கம் காண முடியவில்லை என்று பத்திரம் கொடுத்தால்தான் வழக்கே போடலாம். வார இறுதிகளில் பாடசாலைக் கட்டடங்களில் கூடும் இந்தச் சபைகளை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. வழக்குச் செலவைக் கண்டவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

ஒரே காணிச் சண்டை எந்தக் கதவைத் தட்டுகிறதோ அதற்கேற்ப அதன் சட்டமும் மாறும். இரவோடு இரவாக ஒருவர் வேலியைத் தள்ளிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அமைதிக்குப் பங்கம் வரும் என்று பொலிசார் கருதினால், 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் அறிக்கை போடுவார்கள். ஊரில் இதற்கு '66 வழக்கு' என்றே பெயர். இங்கே உறுதியை எவ்வளவு விரித்துக் காட்டினாலும் நீதவான் அதைக் கொண்டு உரித்தைத் தீர்க்க மாட்டார். அறிக்கை போட்ட நாளில் யாருடைய ஆட்சியில் காணி இருந்தது, அதற்கு முன்னைய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பது மட்டுமே கேள்வி. உரிமையாளரே தோற்று, ஆட்சியில் இருந்தவர் வெல்வதும் உண்டு. நீதி செத்துவிட்டது என்று அப்போது ஊர் சொல்லும். உண்மையில் அந்த நீதிமன்றத்திடம் கேட்கப்பட்டது வேறு கேள்வி. உரித்தைக் கேட்க வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அந்த வழக்கோ உரோமன் டச்சுச் சட்டத்தின் பிள்ளை. வழக்காளி முழு உரித்தையும் தானே எண்பிக்க வேண்டும், எதிராளியின் பலவீனம் அவருக்கு உதவாது.

மேலே போகும் பாதைகளும் வேறு வேறு. 66 வழக்கின் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வுதான் கேட்கலாம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் உருவாக்கிய நீதிமன்றம் அது. மாகாண சபைகளைப் பற்றி ஓயாமல் பேசும் நாங்கள், அதே திருத்தம் நீதிமன்ற அமைப்பில் விட்டுச்சென்ற இந்த நல்ல மாற்றத்தைப் பெரிதாகப் பேசுவதில்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு முன்பு கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் அங்கே ஆண்டுக்கணக்கில் தேங்கியது. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் அது மாகாணத்திலேயே குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில் கேட்கப்படுகிறது. அங்கிருந்து அனுமதி பெற்று நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தலைவரும் பத்தொன்பது நீதிபதிகள் வரையும், உயர் நீதிமன்றத்துக்குப் பிரதம நீதியரசரும் பதினாறு நீதியரசர்கள் வரையும் என்று 2020 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் எண்ணிக்கையை உயர்த்தியது.

இந்த இரண்டு நீதிமன்றங்களும் கொழும்பு புதுக்கடையில் இருக்கின்றன. 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் இடம் அது. வடக்கில் வழக்குத் தமிழில் நடக்கும்; சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கும். புதுக்கடைக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். பங்குக் கிணறும் வழி வாய்க்காலும் ஆங்கிலத்தில் என்னவாகின்றன என்பதை மொழிபெயர்ப்பாளரும் கடவுளும் அறிவார்கள்.

முன்தீர்ப்பு எவ்வளவு வலிய மூலம் என்பதைப் புலம்பெயர்ந்தோரின் காணிகளில் காணலாம். பத்து ஆண்டுகள் இடையறாமல், உரிமையாளருக்கு எதிராக ஆட்சி செய்தவருக்குக் காணி சொந்தமாகலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். அப்படியானால் தம்பி கனடாவில் இருக்க, முதுசொக் காணியில் அண்ணன் முப்பது வருடம் இருந்தால் காணி அண்ணனுக்கா? இல்லை என்கிறது கோறயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கு. கூட்டு உரித்தாளர் ஒருவரின் ஆட்சி எல்லா உரித்தாளருக்குமான ஆட்சி. மற்றவரை அவர் வெளிப்படையாக விலக்கியதை எண்பிக்க வேண்டும் என்று 1911இல் இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) தீர்த்தது. அங்கே மேன்முறையீடு போகும் வழி 1971இல் மூடப்பட்டுவிட்டது. தீர்ப்பு மட்டும் கொக்குவிலிலும் கரவெட்டியிலும் இன்னும் பேசுகிறது. போரினால் ஊரை விட்டு ஓடியவர்களுக்கும் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் இந்தப் பத்தாண்டுக் கணக்கு அநியாயமாகத் திரும்பக்கூடும் என்பதால், 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் உரிமையைக் கேட்க முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் பாராளுமன்றம் சிறப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. தீர்ப்பால் சீராக்க முடியாததைச் சட்டவாக்கம் சீராக்கிய இடம் அது.

அப்படியென்றால் பெரியம்மாவின் ஒப்பப் பிரச்சினையை நீதிமன்றம் தீர்க்க முடியாதா என்று கேட்கலாம். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு எல்லாச் சட்டங்களுக்கும் மேலானது. அதன் 12 ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போகலாம் என்கிறது 126 ஆம் உறுப்புரை. ஆனால் அதே அத்தியாயத்தின் 16 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும், அரசியலமைப்பு வரும்போது நடைமுறையில் இருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் எல்லாம் செல்லுபடியாகும் என்கிறது. 1911 ஆம் ஆண்டின் 6 ஆம் பிரிவு அந்த ஒரு வரியின் நிழலில் பாதுகாப்பாக இருக்கிறது. புதிதாக வரும் சட்டமூலங்களை உயர் நீதிமன்றம் பார்க்கலாம். அதுவும் குறுகிய கால எல்லைக்குள், சட்டமாவதற்கு முன் மட்டும். சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடித்தன்மையைக் கேள்வி கேட்க முடியாது என்று 80 ஆம் உறுப்புரை கதவை மூடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் சட்டங்களை வெறிதாக்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இங்கும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தேசவழமையை முழுதாக ஒழித்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காணியின் பிரிவுபடாத பங்கை விற்கும் முன் கூட்டு உரித்தாளருக்கும் உரித்து வாரிசுகளுக்கும் அறிவித்து, அவர்களுக்கு முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமை 1947இல் ஒழுங்குபடுத்தப்பட்ட பின் இன்றும் பல குடும்பங்களின் வளவுகளை அந்நியரிடம் சிதறாமல் காக்கிறது. தேடிய தேட்டத்தில் இறந்தவருக்குரிய சொத்தில் பாதி, உயிரோடிருக்கும் துணைவருக்குப் போகும் என்ற விதியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டுப்போனது ஒரு பிரிவு. அதை நீக்கப் பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். வன்னியில் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணிகளுக்குத் தேசவழமை பொருந்தாது. அவற்றின் வாரிசு வரிசை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில் உள்ளது. அந்த வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்த பழைய ஏற்பாட்டை 2022இல் பாராளுமன்றம் மாற்றியது. கிளிநொச்சியில் பெர்மிட் காணி வைத்திருப்பவரின் மகளுக்குக் கிடைத்த அந்தத் திருத்தம், யாழ்ப்பாணத்தில் தன் பெயரில் உறுதி வைத்திருக்கும் தாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை.